சாலை விபத்தில் காயம்பட்டவர்களின் இழப்பீட்டு வழக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் எதிரே உள்ள வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு. மாவுக்கட்டோடு வருபவரும் அவரைத் தாங்கிப் பிடித்து வரும் வீட்டம்மாவும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, பதில்களை எங்கள் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துத் தொகுத்திருக்கிறேன். உயிர் தப்பிக் காயத்தோடு திரும்பியவர்களுக்கானது இது. இறப்பு வழக்குகளில் கணக்குப் போடும் விதம் வேறு.

"போலீஸ்ல கேஸ் போட்டாச்சே, தனியா இன்னொரு கேஸ் எதுக்கு?"

போலீஸ் வழக்கு ஓட்டுநரைத் தண்டிக்க. அவர் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்கு வரும். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அந்தப் பணம் அரசுக்குப் போகும். உங்கள் ஆஸ்பத்திரி பில்லுக்கு அதிலிருந்து எதுவும் வராது.

உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்க, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-ன்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள்தான் மனுப் போட வேண்டும். தீர்ப்பாயம் என்றதும் வேறு கட்டடத்தைத் தேட வேண்டாம். மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமுமே தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம்.

"விபத்து நடந்தது திண்டிவனம் பக்கம். நாங்க இருக்கிறது தென்காசி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வளவு தூரம் போகணுமா?"

வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். தேர்வு உங்களுடையது. நடக்க முடியாதவர்கள் சொந்த ஊரிலேயே போடுங்கள்.

"எத்தனை நாளுக்குள்ள போடணும்?"

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 1994-க்குப் பிறகு நீண்ட காலம் எந்த வரம்பும் இல்லாமல் இருந்தது. "எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று ஊரில் இன்றும் சொல்கிறார்களே, அது அந்தக் காலத்துப் பேச்சு. 2019 திருத்தம் ஆறு மாத வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முடிவு தெரியும்வரை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. தாமதமாக வந்தவர்களுக்கு அது பிடிமானம். ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இடைக்கால உத்தரவு என்பது மாறக்கூடியது.

"அடிபட்ட அன்னிக்கே என்னென்ன பேப்பர் பத்திரப்படுத்தணும்?"

எல்லாரும் எஃப்.ஐ.ஆர். ஒன்றையே நினைக்கிறார்கள். அதைவிட முந்தியது ஏ.ஆர். காப்பி. அவசரப் பிரிவில் கொண்டு போய்ச் சேர்த்ததும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார்: எப்போது, எங்கே, எதனால் அடிபட்டது என்று. அந்த நாலு வரியைத்தான் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பார். எங்கள் ஆபீசுக்கு ஒரு கொத்தனார் வந்தார். லாரி உரசியதில் கீழே விழுந்தவர். தூக்கி வந்த பையன் பதற்றத்தில் "வண்டில இருந்து விழுந்துட்டார்" என்று மட்டும் சொல்ல, டாக்டர் அதையே எழுதிவிட்டார். தானாக விழுந்தவர் லாரியைப் பொய்யாகச் சேர்த்துவிட்டார் என்ற வாதத்தை முறியடிக்க ஒன்றரை வருடம் ஆனது. கூடப் போகிறவர் யாராக இருந்தாலும், எந்த வண்டி மோதியது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பரையும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு எஃப்.ஐ.ஆர்., விபத்து இடத்தின் வரைபடம், பார்வை மகஜர் (அந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை. இவற்றை ஸ்டேஷனிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வக்கீல் எடுத்துவிடுவார். வீட்டில் நீங்கள் சேர்க்க வேண்டியவை வேறு: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்துக் கடை பில், ஆட்டோவுக்கும் ஆம்புலன்சுக்கும் கொடுத்த ரசீது, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுத்த பணத்தின் விவரம். மருந்துக் கடை பில்லின் மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் வங்கிப் புத்தகம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம் என்று கிடைப்பதைக் கொண்டுவாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை உத்தேச வருமானமாக எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் நீங்கள் சம்பாதித்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

"ஆஸ்பத்திரிக்கே ஒருத்தர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனார். நூத்துக்கு இருபத்தஞ்சு அவருக்காம். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வலியில் கிடப்பவரிடம் எழுதாத வக்காலத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்குவது கொடுமை. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசிக்கொள்ள வக்கீலுக்கு அனுமதி இல்லை. இடைத்தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. செலவுக்குப் பணம் இல்லாதவர்கள், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அந்த அலுவலகம் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

"யார் மேல கேஸ் போடுறது? டிரைவர் பாவம், கூலிக்கு ஓட்டுறவர்."

வண்டியின் உரிமையாளரும் இன்சூரன்ஸ் நிறுவனமும்தான் முக்கியமான எதிர்மனுதாரர்கள். பணம் கட்டுவது இன்சூரன்ஸ். எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஓட்டுநரையும் வழக்கமாகச் சேர்ப்பார்கள். அவர் கையிலிருந்து பணம் பிடுங்க அல்ல, அவருடைய அலட்சியம் பேசப்படுவதால்.

உரிமையாளர் யார் என்பதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். வண்டியை விற்றுவிட்டேன், பேர் மாற்றவில்லை என்பார். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

"டிரைவருக்கு லைசென்ஸே இல்லையாம். இன்சூரன்ஸ் கைய விரிச்சிடுமா?"

விரிக்கத்தான் பார்க்கும். ஆனால் உரிமையாளருக்கும் இன்சூரன்சுக்கும் இடையிலான ஒப்பந்த மீறலுக்கு, ரோட்டில் அடிபட்ட மூன்றாவது ஆள் பலியாகக் கூடாது. அதனால் இப்படிப்பட்ட வழக்குகளில் "முதலில் நீ கட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று இன்சூரன்சுக்கு உத்தரவு போடுவது 2004 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. இலகுரக வண்டி லைசென்ஸ் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினார் என்ற வாதத்துக்கும் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு முடிவு கட்டியது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை அந்த லைசென்சிலேயே ஓட்டலாம்.

காப்பீடே இல்லாத வண்டி என்றால் நிலைமை கடினம். உரிமையாளரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை உரிமையாளர் பிணை கொடுக்காமல் விடுவிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. வண்டி ஸ்டேஷனை விட்டு வெளியேறுவதற்குள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

"எங்க ஆளு ஹெல்மெட் போடல. மூணு பேரா வேற போனாங்க. காசு கிடைக்காதா?"

கிடைக்கும். சட்டத்தை மீறியது வேறு, விபத்துக்குக் காரணமாக இருந்தது வேறு. விபத்தில் காயம்பட்டவரிடம் எவ்வளவு தவறு இருக்கிறதோ அந்தப் பங்கை மட்டும் கழிப்பார்கள். இதற்குப் பங்களிப்பு அலட்சியம் என்று பெயர். 2020-ல் உச்ச நீதிமன்றம், மூன்று பேர் போனதாலேயே கழிக்க முடியாது, அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்ட வேண்டும் என்றது. கால் எலும்பு முறிந்தவருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று கழிப்பதில் நியாயம் இல்லை. தலைக் காயம் என்றால் ஒரு பங்கு குறையலாம்.

"என் மகள் பைக்ல பின்னாடி உட்கார்ந்திருந்தா. எதிரே வந்த கார் மேலயும் தப்பு, பைக் ஓட்டினவன் மேலயும் தப்பு. இவளுக்கும் கழிப்பாங்களா?"

உங்கள் மகள் ஓட்டவில்லையே, அவளிடம் என்ன அலட்சியம்? இது முந்தைய கேள்வியிலிருந்து வேறுபட்டது. இருவருடைய தவறும் சேர்ந்து மூன்றாவது ஆளைப் பாதிக்கும்போது, முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வாங்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். காரின் இன்சூரன்ஸ் உறுதியாக இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பைக்குக்குக் குறைந்தபட்ச தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அது பொருந்தாமல் போகலாம். முழு பாலிசி என்றால் அந்தக் கவலை இல்லை.

"இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான். நம்பரும் தெரியாது."

இதற்குத் தீர்ப்பாயம் அல்ல, அரசுத் திட்டம். 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் இறப்புக்கு 2 லட்சமும் தருகிறார்கள். வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தொகை சிறியது என்று விட்டுவிடுபவர்கள் பலர். கேட்காமல் இருக்காதீர்கள். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டால் இழப்பீட்டு மனுவும் போடலாம், வாங்கிய தொகையை அதில் சரிக்கட்டிக்கொள்வார்கள்.

"யார் தப்புனு நிரூபிக்க சாட்சியே இல்ல. என்ன பண்றது?"

பிரிவு 164 இருக்கிறது. யார் மேல் தவறு என்று சொல்லவே தேவையில்லை. பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம். எலும்பு முறிவு பலத்த காயத்தில் சேரும். ஆனால் அதோடு முடிந்தது. நிரந்தர ஊனம் உள்ளவர் அவசரப்பட்டு இதை வாங்கிவிட்டால் பிரிவு 166-ல் கிடைத்திருக்கக்கூடிய பெரிய தொகை போய்விடும்.

முதலில் சாட்சி நிஜமாகவே இல்லையா என்று பாருங்கள். காயம்பட்டவரே நேரில் பார்த்த சாட்சிதான். தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

"கிரிமினல் கேஸ்ல டிரைவரை விடுதலை பண்ணிட்டாங்க. நம்ம கேஸும் போச்சா?"

போகாது. காரணம் மேலே சொன்னதுதான். இரண்டு நீதிமன்றமும் வெவ்வேறு அளவுகோலை வைத்திருக்கின்றன.

"டாக்டர் 40 சதவீதம் ஊனம்னு எழுதிட்டார். சம்பளத்துல 40 சதவீதம் கிடைக்கும்ல?"

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கத்திலும். டாக்டர் எழுதுவது பெரும்பாலும் அந்தக் கால் அல்லது கையின் ஊனம். நீதிமன்றம் கேட்பது, அதனால் இவருடைய சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. இதை 2010-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. காலில் 40 சதவீதம் என்றால், உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு வருமானம் அப்படியே இருக்கலாம். சாரம் ஏறும் கொத்தனாருக்கு அந்தத் தொழிலே போய்விட்டது. ஆகவே டாக்டர் சாட்சி சொல்லும்போதும் நீங்கள் சாட்சி சொல்லும்போதும் பேச வேண்டியது தொழிலைப் பற்றி: குத்த வைத்து உட்கார முடியுமா, பாரம் தூக்க முடியுமா, படி ஏற முடியுமா. தமிழ்நாட்டில் பல தீர்ப்பாயங்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பிச் சதவீதம் வாங்குகின்றன. அங்கே போகும்போது பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துப் போங்கள்.

கணக்கு இப்படி. வயது 38, மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், வயது நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. பன்னிரண்டு மாதத்துக்கு 2,52,000. இதை எத்தனை வருடத்துக்குப் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15, ஆக 37,80,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக நீதிபதி முடிவு செய்தால் 11,34,000 ரூபாய். எதிர்கால உயர்வு 2017 பிரணாய் சேத்தி தீர்ப்பிலிருந்து, பெருக்கும் எண் 2009 சர்ளா வர்மா தீர்ப்பிலிருந்து. கோர்ட் வராந்தாவில் "சர்ளா வர்மா டேபிள்" என்று பேசிக்கொள்வது இதைத்தான். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, சத்தான உணவு, உதவியாளர் செலவு எல்லாம் தனித்தனித் தலைப்பில் வரும். ஊனம் சிறியது, தொழில் பாதிக்கவில்லை என்றால் இந்தப் பெருக்கல் வராது. சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை மட்டும் தருவார்கள்.

"அவளுக்கு வருமானமே கிடையாது. வீட்டு வேலைதான் பார்த்துக்கிட்டிருந்தா."

தயவுசெய்து மனுவில் "வேலை இல்லை" என்று எழுத விடாதீர்கள். சமைப்பதும் துவைப்பதும் குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்வதும் வேலைதான். அதற்கு உத்தேச வருமானம் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் மறுபடியும் வலியுறுத்தியிருக்கிறது. மேலே காட்டிய அதே கணக்கு அவருக்கும் உண்டு.

"மனுல அஞ்சு லட்சம்னு போட்டுட்டோம். கூடக் கிடைக்க வாய்ப்பு இருக்கா?"

இருக்கிறது. நியாயமான இழப்பீடு கேட்டதைவிட அதிகம் என்று தெரிந்தால் தீர்ப்பாயம் அதையே தரலாம்.

"கோர்ட்டுல என்ன நடக்கும்? கூண்டுல ஏறணும்னு சொன்னாலே இவருக்கு நடுங்குது."

மனுவுக்கு வழக்கு எண் கிடைத்ததும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். உரிமையாளர் பெரும்பாலும் வரமாட்டார், எக்ஸ்பார்ட்டி ஆக்கப்படுவார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும். இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மறுத்து எதிருரை போடும். படித்துவிட்டுப் பதறாதீர்கள். விபத்தே நடக்கவில்லை என்றுகூட அதில் இருக்கும். அது எல்லா வழக்கிலும் வரும் வாசகம். பிறகு உங்கள் வாக்குமூலம் பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகும், ஆவணங்கள் குறியீடு செய்யப்படும், குறுக்கு விசாரணை நடக்கும்.

குறுக்கு விசாரணையில் கேட்பது அதிகபட்சம் பத்து, பதினைந்து கேள்வி. லைசென்ஸ் இருந்ததா, ரோட்டில் எந்தப் பக்கம் வந்தீர்கள், இப்போது வேலைக்குப் போகிறீர்களா. கடைசிக் கேள்விக்குத்தான் பலர் பயந்து பொய் சொல்கிறார்கள். வேலைக்குப் போனால் போகிறேன் என்று சொல்லுங்கள். முன்னால் என்ன வேலை, இப்போது என்ன வேலை, எவ்வளவு குறைந்தது என்றும் சொல்லுங்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான பத்துக் காயமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

"லோக் அதாலத்துல பேசி முடிக்கச் சொல்றாங்க. ஒத்துக்கலாமா?"

மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. உங்களுக்கும் இல்லை, இன்சூரன்சுக்கும் இல்லை. பணம் சீக்கிரம் வரும். சிறு காயம், தவறு யார் மேல் என்பதில் சிக்கல் உள்ள வழக்கு என்றால் நல்ல வழி. பெரிய ஊனம், சாட்சியம் பலமாக இருக்கிறது என்றால், கணக்கில் வரும் தொகையில் பாதிக்கு ஒத்துக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. முடியாது என்று சொன்னால் வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்குத் திரும்பும். அதனால் நீதிபதி கோபப்படுவார் என்ற பயம் வேண்டாம்.

"தீர்ப்பு வந்திடுச்சு. பணம் எப்ப கைக்கு வரும்?"

மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் சேரும். தமிழ்நாட்டில் ஏழரை சதவீதம் போடுவது வழக்கம். 10 லட்சத்துக்கு நான்கு வருடம் என்றால் வட்டியே 3 லட்சம். பணத்தை இன்சூரன்ஸ் கட்டியதும் பெரியவர்களுக்கு வங்கிக் கணக்கில் வரும், மைனர் பங்கு நிரந்தர வைப்பில் போகும். கட்டாவிட்டால் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, அல்லது நில வருவாய்ப் பாக்கி போல ஆட்சியர் மூலம் வசூல்.

தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் மேல்முறையீடு கிடையாது. இன்சூரன்ஸ் மேல்முறையீடு போனாலும் முதலில் ஒரு தொகையைக் கட்டியாக வேண்டும்.

"கேஸ் நடக்கும்போதே அப்பா வேற நோய்ல இறந்துட்டார். அதோட முடிஞ்சுதா?"

முடியவில்லை. இறப்புக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் வாரிசுகள் தொடரலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. வாரிசுச் சான்றிதழோடு வக்கீலைப் பாருங்கள்.

"எனக்கு அடிபட்டது ரோட்டுல இல்ல, வேலை செய்யுற இடத்துல. இதே மாதிரி போடலாமா?"

வழி வேறு. வேலையில் அடிபட்டது 2025 நவம்பர் 21-க்கு முன் என்றால் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அதற்குப் பிறகு என்றால் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020. இரண்டு வருட வரம்பு. இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் வழியாக. ரயில் விபத்து என்றால் ரயில்வே கிளெய்ம்ஸ் தீர்ப்பாயம், ஒரு வருடம். சிகிச்சைத் தவறு என்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடம். வேலை நேரத்தில் வண்டி ஓட்டும்போது அடிபட்டவர் தொழிலாளர் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

"காலுக்குள்ள பிளேட் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்கணுமாம். அப்ப மறுபடி கேஸ் போட்டுக்கலாமா?"

முடியாது. இழப்பீடு ஒரே தடவைதான். தீர்ப்புக்குப் பிறகு கால் மோசமானாலும், இன்னொரு ஆபரேஷன் வந்தாலும் திரும்பத் திறக்க வழியில்லை. ஆகவே சாட்சியம் முடிவதற்குள், பிளேட்டை எடுக்க வேண்டும், அதற்கு இவ்வளவு செலவாகும் என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் எழுத்தில் வாங்கித் தாக்கல் செய்யுங்கள். செயற்கைக் கால் வைத்தவர்கள் அதை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் கேஸ் கட்டில் இருக்கிறதா என்று வாதத்துக்கு முந்திய வாய்தாவில் என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் ஒரு தடவை கேளுங்கள்.